ஐஸில் வைத்துப் பதுளைக்குக் கொண்டுபோன மானம்

பிள்ளை இல்லாத வீட்டில் ஆண்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு: அவர்களை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கேள்விகள் எல்லாம் என் மனைவி சாந்தியிடம்தான் போகும். கோயில் கோயிலாக மண்சோறு சாப்பிட்டவள் அவள், கசாயம் குடித்தவள் அவள். நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். (எனக்கு என்ன குறை? மீசை அவ்வளவு அடர்த்தி.)

அம்மா எனக்குத் தெமோதரையில் இன்னொரு பெண் பார்ப்பது தெரிந்தபோது சாந்தி அழவில்லை. தனியாகப் பதுளைக்குப் போய் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லையாம். உங்களையும் செக் பண்ணணுமாம். அதுக்குப் பெறகு ஒங்கம்மா பொண்ணு பாக்கட்டும்."

விந்துப் பரிசோதனை என்றார்கள். லேபில் சின்னப் போத்தலைத் தந்த பெண் ஏதேதோ விளக்கினாள். நான் வெட்கத்தில் சுவர்க் கலண்டரைப் பார்த்தபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அங்கேயே கொடுக்கலாம் என்று ஒரு கழிவறைக் கதவைக் காட்டினாள். "வீட்ல இருந்தே கொண்டாறேங்க" என்று ஓடிவந்துவிட்டேன்.

நான் பால் சேகரிக்கும் நிலையத்தில் வேலை செய்பவன். மாடுகளுக்குச் சினை ஊசி போட வருகிறவர் காளையின் விந்தை உறைய வைத்துத்தான் கொண்டுவருவார். கன்றுகள் நன்றாகத்தான் பிறக்கின்றன. பதுளைக்கோ பஸ் குலுங்கிக் குலுங்கிப் போகவேண்டும். ஆகவே மறுவாரம் போத்தலை மீன்காரர்கள் வைத்திருக்கும் வெள்ளை ரிஜிபோம் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் ஐஸ் கொட்டி, டேப் ஒட்டினேன். விஞ்ஞானி என்ற நினைப்பு எனக்கு.

நானும் சாந்தியும் போன பஸ்ஸில் பக்கத்து லயத்து வீட்டு மாரியாயி அக்கா ஏறினார்.

"என்னா தம்பி, மீனா?"

"இல்லக்கா, மாட்டுக்குப் போடுற சினை ஊசி. மிஞ்சினதத் திருப்பிக் குடுக்கப் போறேன்."

"மிஞ்சிருச்சா? அடப்பாவி, நம்ம செவலைக்குப் போட்டிருக்கலாமே! நல்ல சாதிக் காளைதானே?"

(நல்ல சாதிதான் அக்கா.) சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தபோதே அக்கா சாந்தியின் பக்கம் திரும்பினார். "மாடுகூட ஒரு ஊசியில ஈனிடுது. ஒனக்குத்தான் ஒண்ணும் தங்கமாட்டேங்குது." சாந்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நான் பெட்டியின் டேப்பை அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

லேப் பெண் பெட்டியைத் திறந்து ஐஸைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, ஒடம்புச் சூட்டுலயே வச்சு, ஒரு மணித்தியாலத்துக்குள்ள கொண்டாங்கன்னு சொன்னேனே! இத ஏன் ஐஸ்ல வச்சீங்க?"

"மாட்டுக்கு அப்பிடித்தானேங்க..."

காத்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அதில் ஒருவர் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர். கடைசியில் அதே கழிவறைக்குள்தான் போனேன். வெளியே யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

உயிரணுக்கள் மிகக் குறைவு, இருப்பவையும் சரியாக ஓடுவதில்லை என்றார் டாக்டர். விதைப்பையில் இரத்தக்குழாய்கள் புடைத்திருக்கின்றன, ஆபரேஷன் செய்யலாம், மாத்திரையும் உண்டு, சரிவராவிட்டால் கொழும்பில் ஓர் அணுவை மட்டும் எடுத்து ஊசியால் முட்டைக்குள் செலுத்துவார்கள். சிகரெட்டை இன்றே விடுங்கள் என்றார். சாந்தி மண்சோறு தின்ற வருடங்கள் அத்தனையும் என் குறைக்காகத்தான் என்று அப்போது உறைத்தது. எனக்கு என்மீதே அருவருப்பு வந்தது.

"கொறை எனக்குத்தாம்மா" என்றேன் வீட்டில்.

"மெதுவாப் பேசுடா, அடுத்த காம்பரா வீட்டுக்குக் கேக்கும்" என்றார் அம்மா. பெண் பார்ப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்தது. இன்னும் ஒன்றும் தங்கவில்லை. ஐஸ் பெட்டிக் கதை மட்டும் தோட்டம் முழுக்கப் பரவி, எங்கள் குடும்ப விசேஷங்களில் பாயாசத்துக்குப் பிறகு பரிமாறப்படுகிறது. போன மாதம் தங்கச்சி மகளின் காதுகுத்தில் அதை என்னையே சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும், வழக்கமாக யாரும் சொல்லாத மிச்சத்தையும் சத்தமாகச் சொன்னேன்: சாந்திக்கு ஒரு குறையும் இல்லை, குறை எனக்குத்தான்.

பிறகு மாமா என் முதுகில் தட்டினார்.

"பாத்தீங்களா, பொண்டாட்டிய விட்டுக்குடுக்காம பழியத் தன் தலையில போட்டுக்கிறான்! தங்கமான புள்ள!"

பெண்கள் சாந்தியைப் பார்த்து, "குடுத்து வச்சவ" என்றார்கள். ரிப்போர்ட்டைக் காட்டட்டுமா என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் சாந்தி சொன்னாள்: "இனி யாருகிட்டயும் சொல்லாதீங்க. நீங்க சொல்லச் சொல்ல ஒங்களுக்குத்தான் நல்ல பேரு வருது."