ஜெர்மனி மேஸ்திரியின் வேட்பாளர்

மரக்காணம் உப்பளத்தில் நின்றுகொண்டு ஜெர்மனி பார்லிமெண்ட் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்ட ஒரே ஆள், இந்தப் பூமியிலேயே, எங்கள் ஜெர்மனி மேஸ்திரிதான். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

சுனாமிக்குப் பிறகு அனுமந்தைப் பக்கம் வீடு கட்டிக்கொடுக்க வந்தவர்களில் ஹான்ஸ் என்று ஒரு ஜெர்மன்காரர். ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராம். மேஸ்திரிக்கும் அவருக்கும் எப்படி ஒட்டிக்கொண்டது என்று யாருக்கும் புரியவில்லை. தினமும் சாயங்காலம் இருவரும் உப்புப் பாத்தி வரப்பில் உட்கார்ந்துவிடுவார்கள். பாத்தித் தண்ணீரில் வானம் மொத்தமும் இறங்கிக் கிடக்கும். எது மேலே, எது கீழே என்றே தெரியாது. இவர் தமிழில் பேசுவார், அவர் ஜெர்மனில் பேசுவார். இவருடைய மச்சினன் செய்த துரோகத்துக்கு அவர் தலையாட்டுவார். அவர் எதையோ சொல்லி முடித்தால் இவர் "அப்படிப் போடு!" என்பார். ஆறு மாதத்தில் ஒரு சண்டை கிடையாது. கல்யாணமான எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஹான்ஸ் ஊருக்குப் போன கொஞ்ச நாளில் என் பிரவுசிங் சென்டருக்கு அவரிடமிருந்து இங்கிலீஷில் மெயில் வந்தது. மேஸ்திரிக்குத் தமிழில் சொன்னேன். "செப்டம்பரில் எங்கள் நாட்டில் தேர்தல். கட்சி என்னை நிறுத்தியிருக்கிறது. ஜெயித்தால் பார்லிமெண்ட், அங்கே வர முடியாது. தோற்றால் ஜனவரியில் வந்து, மிச்ச வீடுகளை முடிக்கும்வரை உங்களோடேயே இருப்பேன்."

மறுநாளே மேஸ்திரி உப்புக் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பு அடித்து, நீலத்தில் எழுதிவிட்டார்: 'அண்ணன் அன்சு. சின்னம், உப்பு வாரும் பலகை.'

"ஜெர்மனியில சின்னமெல்லாம் கிடையாதுங்க" என்றேன்.

"சின்னம் இல்லாம ஜனங்க எதைப் பாத்துப்பா குத்தும்?" என்று என்னையே மடக்கினார்.

உப்புக் கூடை சுமக்கும் பெண்கள் "அன்சு அண்ணனுக்கே!" என்று கத்தினால்தான் பதினொரு மணி டீ. கூனிமேட்டு ஸ்வீட் கடைக்காரர், "இங்க யாருக்குமே அங்க ஓட்டு இல்லியே மேஸ்திரி?" என்று கேட்டதற்கு, "முதல்ல ஒரு பேச்சு கெளம்பணுங்க. இங்க கெளம்பினா தானா அங்க போய்ச் சேரும்" என்றார்.

ஆனால் சாயங்காலம் என் கடைக்கு வருவார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்குவார்.

"ஏம்பா, தோக்கறதுக்கு ஏதாச்சும் சான்ஸ் இருக்குதா?"

"நீங்கதானே அவருக்கு ஓட்டுக் கேக்கறீங்க?"

"கேக்கலன்னா சிநேகம் இன்னாத்துக்கு? ஆனா ஜனவரில வந்தான்னா... மழை நின்னு பாத்தி கட்டற நேரம். நல்லாயிருக்கும்ல?" சொல்லிவிட்டு, திரையில் எதுவுமே ஓடாத கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். நான் எழுப்பமாட்டேன்.

ரிசல்ட் வந்தது. "தொகுதியில் தோற்றுவிட்டேன்" என்று ஹான்ஸ் எழுதியிருந்தார். மேஸ்திரி கூனிமேட்டுக்குப் பறந்தார். லட்டு, சரவெடி, ஹான்ஸுக்கு என்று ஒரு புதுக் கொசுவலை.

"தோத்ததுக்கா லட்டு?" என்று பெண்கள் வாயைப் பிளந்தார்கள்.

"தின்னுங்கம்மா, கேள்வி கேக்காம!"

மத்தியானம் இன்னொரு மெயில். அந்த நாட்டில் ஒருவருக்கு இரண்டு ஓட்டாம். ஒன்று ஆளுக்கு, ஒன்று கட்சிக்கு. ஆள் தோற்றாலும், கட்சிக்கு விழுந்த ஓட்டுக்குத் தகுந்தபடி கட்சிப் பட்டியலிலிருந்து ஆட்களை எடுத்துக்கொள்வார்களாம். அந்தக் கணக்கில் ஹான்ஸ் எம்.பி. ஆகிவிட்டார். பிரிண்ட் எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன்.

மேஸ்திரி முழுதும் கேட்டார். "தோத்தவனப் போயா எம்.பி. ஆக்குவாங்க? இன்னா நாடுப்பா அது?" என்றார். அதற்குமேல் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. டப்பாவில் மிச்சமிருந்த ஒரு லட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"எம்.பி. ஆனதுக்கு. 'ரொம்ப சந்தோஷம்'னு எழுதிப் போடு. மிச்ச வீடு கட்டற வேலைய நாங்க பாத்துக்கறோம்னு சொல்லு. காலையில குடுத்த லட்டு எதுக்குன்னு மட்டும் எழுதிடாதப்பா."

அவர் சொன்னபடியேதான் எழுதினேன். 'நீங்கள் தோற்கவேண்டும் என்று இவ்வளவு ஆசைப்பட்ட சிநேகிதர் உங்களுக்கு ஜெர்மனியில்கூடக் கிடைக்கமாட்டார்' என்று ஒரு வரி நானாகச் சேர்த்திருக்கலாமே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.