சதாபிஷேகத்தில் ஜாஸ்

முள் உடைந்துவிட்டது.

காலில் முள் உடைந்தால்கூடப் பிடுங்கி எறிந்துவிட்டு நடக்கலாம். இது ரெக்கார்டு பிளேயரின் முள். தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று சாம்சன் கைக்குட்டையால் ஒரு இழுப்பு இழுத்தான். முள்ளும் கைக்குட்டையோடு வந்துவிட்டது.

சாம்சன் உத்திரமேரூரில் மைக் செட் வைத்திருப்பவன். அன்று மாலை அவன் போட வேண்டியது நாதஸ்வரக் கேசட்டோ சினிமாப் பாட்டோ இல்லை. ஜாஸ்.

சுந்தரவரதனுக்கு எண்பது நிறைந்து சதாபிஷேகம். காலையில் கலசத் தண்ணீரையெல்லாம் தலையில் ஊற்றிக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். ஆனால் மாலை நிகழ்ச்சி தன் இஷ்டம் என்று முன்பே சொல்லிவிட்டார். சென்னையில் கப்பல் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்த காலத்தில், மாலுமிகளிடம் கெஞ்சியும் கொஞ்சியும் சேர்த்த ஜாஸ், ராக் இசைத்தட்டுகள் அவரிடம் ஒரு பீரோ நிறைய இருந்தன. எந்தத் தட்டு எந்த வருஷம் வெளியானது, எந்தக் கப்பலில் வந்து இறங்கியது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவற்றை உறவுக்காரர்கள் ஒருநாளாவது உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது அவருடைய எண்பது வயது ஆசை.

வீட்டுப் பிளேயரை மண்டபத்துக்கு எடுத்துப்போக வேண்டாம், வழியில் ஏதாவது ஆனால் இவர் தாங்கமாட்டார் என்று மனைவி நாமகிரி சொல்லிவிட்டாள். அதனால்தான் சாம்சன் தன் அப்பா காலத்துப் பிளேயரைப் பரணிலிருந்து இறக்கினான்.

மண்டபத்துக்காரர் வேதகிரி அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருந்தார்.

"பெரியவரு மொகம் கோணாம இன்னிக்கு நடத்திக் காமி, சாம்சன். அப்புறம் இந்த மண்டபத்துல எந்த விசேசம் நடந்தாலும் உன் செட்டுதான். இல்லன்னா செங்கல்பட்டு டிஜே ஒருத்தன் டெய்லி போன் பண்ணிக்கினே கீறான். அவனை வரச்சொல்லிடுவேன்."

மண்டபம் புதிது. முகூர்த்த நாள் ஒன்றுகூடக் காலியாக இருப்பதில்லை. கிடைத்தால் சாம்சன் பிழைத்தான். வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்துவிட்டது.

அவன் மனைவி இளவரசிக்குப் போன் போட்டான்.

"முள்ளு பூடுச்சு. காஞ்சிபுரம் பூரா கேட்டுட்டேன், எவன்கிட்டயும் இல்ல. ஆன்லைன்ல போட்டா வர ஒரு வாரம் ஆவுமாம்."

"இதுக்கா இவ்ளோ பேஜார் ஆவுற? அந்தப் பாட்டு போன்ல இருக்காதா?"

"இருக்கும். ஆனா அவரு தட்டு சுத்தறதைப் பாக்கணுமே."

"தட்டு சுத்தட்டும். போன் பாடட்டும். யாரு குனிஞ்சி பாக்கப் போறா?"

இளவரசிக்கு எதுவும் இவ்வளவு சுலபம்தான். ஆனால் யோசித்தபோது வேறு வழியும் தெரியவில்லை. பெரியவர் கொடுத்தனுப்பிய உறையைப் பார்த்தான். படகில் சாய்ந்து நின்று ஒருவர் டிரம்பெட் ஊதும் படம். 'மண்டே ஃபெர்ரி' என்று எழுதியிருந்தது. அதைப் போனில் அடித்ததும் மொத்த ஆல்பமும் வந்து நின்றது. போனை டிராலி ஸ்பீக்கரோடு புளூடூத்தில் சேர்த்தான். பிளேயரின் கை தட்டில் படாமல் இருக்க, பஸ் டிக்கெட்டை மடித்து அடியில் செருகினான். தட்டு சுற்றியது, போன் பாடியது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் யாருக்கும் தெரியாது.

பெரியவர் தள்ளி நிற்கவில்லை. பட்டு வேட்டியோடு வந்தவர், "எனக்கு நாற்காலியை மிஷின் பக்கத்துலயே போடு, சாம்சன். தட்டு சுத்தற காத்து மூஞ்சில படணும்" என்றார்.

சாம்சனுக்கு வியர்த்தது. போட்டான்.

பெரியவர் உறவினர்களுக்கு ஒரு சின்ன உரை ஆற்றினார். இந்தத் தட்டு வெளியான மாசம்தான் தனக்கு வேலை கிடைத்ததாம். கடையில் கேட்டால் கடைக்காரன், "பஜனை ரெக்கார்டு வேணுமா?" என்றானாம். கடைசியில் ஒரு கப்பல் சமையல்காரர் இரண்டு சீசா மாவடுவுக்கு இதைக் கொடுத்தாராம்.

"இப்போ கேளுங்கோ" என்று கண்ணை மூடினார்.

டிரம்பெட் எழுந்தது. காலையில் வேதம் கேட்ட மண்டபத்தில் அது சங்கோஜமில்லாமல் உலா வந்தது. ராஜகுளத்திலிருந்து வந்திருந்த மாமாக்கள் புரிந்த மாதிரி தலையாட்டினார்கள்.

"பாத்தேளா அந்த வெதுவெதுப்பை? தட்டுலதான் இது வரும். போன்ல கேக்கறது பாக்கெட் ரசம் மாதிரி. வாசனை இருக்கும், ரசம் இருக்காது" என்றார் பெரியவர்.

சாம்சன் பாக்கெட்டிலிருந்த போனை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். அப்பாடா என்று மூச்சு விட்ட நேரம், ஸ்பீக்கரிலிருந்து உரக்க ஒரு சேவல் கூவியது.

கொக்கரக்கோ.

அது சாம்சனின் ரிங்டோன். யோசனை சொன்ன இளவரசியே, யோசனை பலித்ததா என்று கேட்கக் கூப்பிட்டிருந்தாள். அவன் பாக்கெட்டுக்குள் கைவிட்டுத் துண்டிப்பதற்குள் சேவல் மறுபடியும் கூவிவிட்டது. மண்டபம் அவனைப் பார்த்தது. வேதகிரியும் பார்த்தார்.

பெரியவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

"லைவ் ரிக்கார்டிங். ஸ்டுடியோ ஜன்னலைச் சாத்தாம வாசிச்சிருக்கான். எங்காத்துல கேக்கறச்சே சில நாள் சைக்கிள் மணிகூடக் கேக்கும். தட்டுக்கு உசிர் இருக்குன்னு சும்மாவா சொல்றா?"

மாமாக்கள் இதற்கும் தலையாட்டினார்கள்.

இனி எந்த அழைப்பு வந்தாலும் உடனே துண்டிக்க வேண்டும் என்று சாம்சன் வலது கையைப் பாக்கெட்டிலேயே குடிவைத்தான். வேதகிரி மெல்லப் பக்கத்தில் வந்தார்.

"இன்னா சாம்சன், எந்நேரமும் பாக்கெட்லயே கைய வுட்டுக்கினு கீறே?"

"தொடை புடிச்சிக்கிச்சு அண்ணே. நீவிக்கினு கீறேன்."

"பெரியவரு முன்னாடியா நீவுவே?"

அதற்குள் பெரியவர், "ரெண்டாம் பக்கம், மூணாவது பாட்டு வை" என்று உத்தரவு போட்டார். சாம்சன் தட்டைத் திருப்பி வைத்தான், பிளேயரின் கையை டிக்கெட்டின் மேல் இறக்கினான், கைக்குட்டையைத் தவறவிட்டு எடுப்பவன்போல் மேஜை விரிப்புக்குள் குனிந்து போனைத் தேய்த்தான். வேறு பாட்டு ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"முள்ளு நழுவிடுச்சு சார்."

"வயசானா எல்லாம்தான் நழுவும்" என்று பெரியவர் சிரித்தார். மூன்றாவது பாட்டு வந்து உட்கார்ந்தது. சாம்சன் எழுந்து நிற்கும்போது மின்சாரம் போய்விட்டது.

விளக்குகள் அணைந்தன, மின்விசிறிகள் நின்றன, தட்டும் சோம்பலாகச் சுற்றி நின்றது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. ஸ்பீக்கரில் பேட்டரி இருந்தது. டிரம்பெட்காரர் எந்தக் கவலையும் இல்லாமல் ஊதிக்கொண்டிருந்தார்.

ஜெனரேட்டர் போடுகிறவர் டீ குடிக்கப் போயிருந்தார். ஆளுக்கு ஆள் போனில் டார்ச் போட்டார்கள். வெளிச்சம் ஒவ்வொன்றாக மேஜை பக்கம் திரும்பியது. இன்னும் ஒரு நொடி போனால் நின்ற தட்டும் ஓடும் பாட்டும் கையும் களவுமாகப் பிடிபடும். சாம்சன் ஆட்காட்டி விரலைத் தட்டின் மேல் வைத்துச் சுற்ற ஆரம்பித்தான்.

"ஸ்பீக்கருக்கு பேட்டரி கீது சார். மிஷினுக்குத்தான் கரண்ட் இல்ல. அதான் கையால சுத்திக்கினு கீறேன்."

பெரியவர் கண்ணைத் திறந்தார். சுற்றும் விரலைப் பார்த்தார். காதைச் சாய்த்துக் கேட்டார்.

"ஸ்பீடு ஒரு இம்மி மாறலை. என்ன கைடா இது. வேதகிரி, இப்படி ஒரு ஆளை ஊருக்குள்ள வெச்சுண்டா நீ செங்கல்பட்டுல தேடறே?"

மண்டபம் கை தட்டியது. வேதகிரி முகம் மலர்ந்தது. சாம்சன் இந்த அளவோடு நின்று மின்சாரம் வந்துவிட வேண்டும் என்று கர்த்தரிடம் வேண்டிக்கொண்டான். கர்த்தருக்கு முன்னால் பேத்தி சுப்ரஜா வந்துவிட்டாள். அவள் பெங்களூரில் வேலை பார்ப்பவள், இப்படித் தட்டைத் திருகும் டிஜேக்களை நேரில் பார்த்தவள்.

"அங்கிள், நான் கொஞ்சம் ஸ்க்ராட்ச் பண்றேன்."

"வேணாம்மா, தட்டு பழசு."

"ஒரே ஒரு தடவை."

அவள் தட்டை முன்னும் பின்னுமாக இழுத்தாள். பாட்டு அவளை மதிக்காமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. சுப்ரஜாவின் புருவம் சுருங்கத் தொடங்கியது. சாம்சன் பாக்கெட்டுக்குள் வால்யூம் பொத்தானை அமுக்கினான். அவள் பின்னால் இழுத்தால் சத்தத்தைக் குறைத்தான், முன்னால் தள்ளினால் கூட்டினான். நாலு தடவை இழுத்ததும் அவளுக்குத் திருப்தியாகிவிட்டது.

"சூப்பரா வருது தாத்தா."

அதன் பிறகு வரிசை நின்றது. தாமல் சித்தப்பா சுற்றினார், அவர் சம்பந்தி சுற்றினார், சமையல் கோஷ்டியிலிருந்துகூட ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுற்றினார். வேதகிரி சுற்றும்போது படம் எடுக்கச் சொன்னார். ஒருவர் வேகமாகச் சுற்றினார், ஒருவர் மறந்துபோய் எதிர்ப்பக்கம் சுற்றினார். சாம்சனின் கட்டைவிரல் தையல் மிஷின் ஊசிபோல வேலை செய்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இப்படி ஒரு கச்சேரியை அந்த மண்டபம் பார்த்ததில்லை, சாம்சனும் இனிமேல் பார்க்க விரும்பவில்லை.

நடுவில் போனை எட்டிப் பார்த்தான். சார்ஜ் சிவப்பாகிக் கிடந்தது. காலையிலிருந்து ஆல்பம் தேடியே அதன் உயிரைக் குடித்திருந்தான். சார்ஜ் போடவும் மின்சாரம் இல்லை.

கடைசியில் ஜெனரேட்டர் உறுமியது. விளக்குகள் எரிந்தன. தட்டு தானாகச் சுற்றத் தொடங்கியது. அதே நேரம் ஸ்பீக்கர் 'டிங்' என்றது. போன் செத்துப்போயிருந்தது.

மின்சாரம் இல்லாதபோது பாடிய தட்டு, மின்சாரம் வந்ததும் ஊமையாகிவிட்டது. சாம்சன் தட்டைப் பார்த்தான், வேதகிரி சாம்சனைப் பார்த்தார். மண்டபம் கை நழுவிப் போவது அவனுக்குக் கண்முன்னே தெரிந்தது. அதைவிட, எண்பது வயது மனிதரின் ஆசையில் மண்ணைப் போட்டோமே என்பதுதான் அவனை உறுத்தியது. உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தான்.

"சார், அது வந்து..."

"உஷ்" என்றார் பெரியவர், கண்ணை மூடியபடியே. "யாரும் பேசாதேங்கோ. இந்த இடத்துல ஒரு மௌனம் வரும். அந்த மௌனம்தான் ஜாஸ்."

எல்லோரும் மௌனத்தைக் கேட்டார்கள். ராஜகுளத்து மாமா ஒருவர் தாளம்கூடப் போட்டார். மௌனம் நீண்டது. ஜாஸுக்கே அது கொஞ்சம் அதிகம் என்று தோன்றுகிற அளவுக்கு நீண்டது.

அப்புறம் டிரம்பெட் எழுந்தது.

அதே ஆல்பம், அதே மூன்றாவது பாட்டு. பெரியவர் பெருமூச்சு விட்டுப் புன்னகைத்தார். சாம்சன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துப் பார்த்தான். செத்தது செத்தபடியே இருந்தது. பஸ் டிக்கெட்டும் செருகிய இடத்திலேயே இருந்தது. அவனுக்கு முதுகில் வியர்வை குளிர்ந்தது.

வேதகிரி அவன் தோளைத் தட்டினார்.

"பயந்தே பூட்டேன், சாம்சன். அடுத்த வாரம் முகூர்த்தம் ஒண்ணு கீது. செட்டைக் கொண்டாந்து போட்டுடு. இனிமே இங்க உன் செட்டுதான்."

சாம்சனுக்குச் சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை. ஸ்பீக்கரைச் சுற்றி ஒரு முறை நடந்தான். பூ அலங்காரத்துக்குப் பின்னால், மடிசார் புடவையில் நாமகிரி மாமி நின்றிருந்தாள். கையில் ஒரு போன். அதைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவன் காதோரம் குனிந்தாள்.

"உன் கை பாக்கெட்டுக்குப் போறச்சேயே எனக்குப் புரிஞ்சுடுத்து. பதறாதே. எங்காத்து மிஷின்லயும் முள்ளு உடைஞ்சு எட்டு வருஷமாறது, தினம் சாயங்காலம் என் போன்தான் பாடிண்டிருக்கு."