கோபக்காரத் தகப்பன் வேடம்

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு நாங்கள் மூவரும் உடல்நலத்தோடு இருக்கிறோம். அங்கே தாங்களும் அக்காவும் உடல்நலத்தோடும், இயன்றால் மனநிம்மதியோடும் இருக்க வேண்டுகிறேன்.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைக் கூடத்துச் சுவரோரத்திலிருந்து எடுத்து, பின்கட்டில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் போடுவதென முடிவாகியுள்ளது. ஆலோசித்தவள் தங்கள் தங்கை. முடிவெடுத்தவளும் அவளே. நான் மேசையின் ஒரு முனையைத் தூக்கினேன்.

ஒரு மேசைக்கா இவ்வளவு பீடிகை என்று நினைப்பீர்கள். வீட்டில் ஈரக்கசிவு இல்லாத சுவர் அது ஒன்றுதான். கேமராவில் பின்னால் தெரிய ஏற்றது. அதன் முன்னால் ஒரு சின்ன மேசை போட்டு உட்கார்ந்துதான் அவள் லேப்டாப்பில் பள்ளி நிர்வாகத்தில் ஆறு மாதப் பட்டயப் படிப்பு படிக்கிறாள். எங்கள் பள்ளி முதல்வர் இந்தப் பருவத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்தப் பட்டயம் உள்ளவருக்குத்தான் நாற்காலி என்று நிர்வாகக் குழு சொல்லிவிட்டது. ஆசிரியர் அறையில் எல்லோரும் "இந்த வயசுல எவ படிப்பா?" என்று டீ குடித்துக்கொண்டிருக்க, புவியியல் டீச்சரான தங்கள் தங்கை மட்டும் அன்று மாலையே சேர்ந்துவிட்டாள். சந்தோஷம்தான். ஆனால் அதே பள்ளியில் தலைமை எழுத்தராக இருப்பவன் நான் என்பது தங்களுக்குத் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை என் நடத்தையைப் பற்றி முதல்வர் ஒரு குறிப்பு எழுதுவார். இதுவரை எழுதிய யாருக்கும் என்னைப் பற்றி அதிகம் தெரியாது. அதனால் குறிப்பு நன்றாகவே இருந்துவந்தது.

லேப்டாப்பில் நடக்கும் அந்த வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். மாணவர்கள் அத்தனை பேரும் ஆசிரியர்கள். பாடம் நடத்துபவர் மீசை சரியாக முளைக்காத ஒரு பேராசிரியர். அவர் "குட் ஈவ்னிங்" என்றால், "இன்னும் சத்தமா சொல்லுங்க தம்பி, கடைசி பெஞ்சுக்குக் கேக்கல" என்கிறார் ஒரு தலைமையாசிரியை. லேப்டாப்பில் கடைசி பெஞ்சு எங்கே இருக்கிறது என்று பேராசிரியர் கேட்கவில்லை. பயந்துபோய்ச் சத்தமாகச் சொன்னார். அவர் வரைந்து காட்டும் படத்தில் கோடு கோணலாக இருக்கிறது என்று கணக்கு வாத்தியார் ஒருவர் அடித்துத் திரும்பப் போடச் சொல்கிறார். யாரும் மாணவராக இருக்கத் தயாரில்லை, பரீட்சை நேரம் தவிர. அப்போது மட்டும் அச்சு அசல் மாணவர்களாகிவிடுகிறார்கள். பிள்ளைகளிடம் பிடுங்கிய செல்போன்களால் பீரோவை நிரப்பியவள் தங்கள் தங்கை. அவள் கேமராவுக்குத் தெரியாமல் மடியில் ஒரு போனை வைத்துக்கொண்டு, "ஏய், மூணாவதுக்கு என்ன எழுதின? முழுசா வேணாம், ஆரம்பம் மட்டும் சொல்லு" என்று கேட்டதை இந்தக் காதால் கேட்டேன். கட்டுரை தாமதமானதற்கு வயிற்றுவலி என்று எழுதியனுப்பினாள். வயிற்றுவலி என்று வந்த எந்தப் பிள்ளையையும் அவள் இதுநாள்வரை நம்பியதில்லை. பேராசிரியர் நம்பினார். அவர் பிழைக்கத் தெரியாதவர்.

இதெல்லாம் போகட்டும். கடைசியில் செய்முறைத் தேர்வு என்று ஒன்று வந்தது. கோபத்தோடு வரும் பெற்றோர் ஒருவரை முதல்வர் சமாதானப்படுத்துவதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். பாதி மதிப்பெண் அதற்குத்தான். பெற்றோராக நடிக்க என்னைப் பிடித்தார்கள். படம் எடுப்பது என் மகள், தங்கள் மருமகள். கதைப்படி மகன் பெயிலாகிவிட்டான், நான் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்து கத்த வேண்டும். மச்சான், கல்யாணமான நாள் முதல் கத்தாமல் இருப்பதையே சாதகம் செய்துவந்தவன் நான். கதவை மெல்லத் தட்டிவிட்டு, "வரலாமா?" என்றேன்.

"அப்பா! கோபமா வாங்கப்பா!"

திரும்பப் போய் வந்தேன். "என் பையன் எப்படி பெயில் ஆகலாம்?" என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும், "படிச்சிருக்க மாட்டான்" என்று நானே பதிலும் சொல்லிவிட்டேன்.

"ஏங்க, உங்களால ஒரு காரியம் உருப்படியா ஆகாதா? உங்களுக்குக் கோபமே வராதா?"

"வர்றதுக்கு நீ எங்க எடம் வெச்ச?"

"அப்பா, இதே டோன், இதே டோன்!" என்று மருமகள் குதித்தாள்.

என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. வேடம் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. "என் பையன் பெயிலானா ஆகட்டும் மேடம்! வீட்ல ஒரு மனுஷன் வாஷிங் மெஷினைப் பாத்துக்கிட்டுச் சாப்பிடறான், அது சுத்தறதப் பாத்தா எனக்கும் தலை சுத்துது! காபி கேட்டா 'அசைன்மென்ட்'டுங்கறாங்க! நாளைக்கு ஆபீஸ்லயும் அந்த அம்மா முன்னாடியே கைகட்டி நிக்கணும்! காலைலயும் அவங்க, சாயங்காலமும் அவங்க, நான் எங்க போய் மூச்சு விடறது?" என்று மேசையைத் தட்டினேன். லேப்டாப் ஒரு சாண் துள்ளியது.

தங்கள் தங்கை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கைகளைக் கோத்து மேசைமேல் வைத்தாள். "உட்காருங்க சார். உங்க மனசு கஷ்டப்பட்டிருக்குன்னு புரியுது. உங்க பேச்சை யாரும் காது கொடுத்துக் கேக்கலைன்னு நெனைக்கிறீங்க, இல்லையா?"

பாடப்புத்தகத்தில் உள்ள வரி. அவள் ஒப்பிக்க நானே கேட்டிருக்கிறேன். இருந்தும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். "ஆமாங்க மேடம்" என்றேன்.

"தண்ணி குடிங்க. ரெண்டு வழி இருக்கு. உங்க குறைய எழுதிக் கொடுக்கலாம். இல்ல, அடுத்த வாரம் வந்து பேசலாம். எது உங்களுக்குச் சௌகரியம்?"

"அடுத்த வாரம் வரேன் மேடம். ரொம்ப நன்றி" என்று கும்பிட்டுவிட்டு வெளியேறினேன். படிக்கட்டு இறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் அது என் வீடு என்று ஞாபகம் வந்தது.

வெட்டிவிட்டு வேறு எடுக்கலாம் என்று கெஞ்சினேன். தாயும் மகளும் அதையே அனுப்பிவிட்டார்கள். பேராசிரியர் முழு மதிப்பெண் கொடுத்ததோடு நில்லாமல், மாதிரிக்காக வகுப்பு முழுவதற்கும் போட்டுக் காட்டியிருக்கிறார். முந்தாநாள் மருந்துக்கடையில் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் என் தோளைத் தொட்டு, "சார், இப்ப மூச்சு விட முடியுதா?" என்று விசாரித்தார். கடைக்காரர் ஆஸ்துமா மருந்தை எடுத்து வைத்துவிட்டார்.

ஆகவே தங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை ரயிலில் தாங்கள் வருகிறீர்கள். தங்கள் பேச்சை அவள் தட்டமாட்டாள். படிப்பை நிறுத்தச் சொல்ல வேண்டாம், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். முதல்வராகவே ஆகட்டும், வேறு பள்ளியில் ஆகட்டும். தலையில்லாத பள்ளிகள் எத்தனையோ இருக்கின்றன. வீட்டில் அவளுக்குக் கீழ் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பழகிய வேலை. அலுவலகத்தில் மட்டும் என் பழைய மரநாற்காலியில் யாருக்கும் அவ்வளவாகத் தெரியாத மனிதனாக நான் ஓய்வு பெற்றுவிட வேண்டும். இதைத் தங்கள் சொந்த யோசனை போலச் சொல்லவும்.

தங்கள் குடும்பம் குறைவின்றிச் செழிக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் முடிவு வந்துவிட்டது. அவள் வகுப்பிலேயே முதலிடம். நிர்வாகக் குழு இன்று காலையே கூடி, எங்கள் பள்ளிக்கே அவளை நியமித்துவிட்டது. உத்தரவைத் தட்டச்சு செய்தவன் நான். மதியமே அவள் பொறுப்பேற்றுவிட்டாள். மேலே எழுதியது எதையும் அவளிடம் பேச வேண்டாம். வெள்ளிக்கிழமை தங்களை அழைத்துவர ரயில் நிலையத்துக்கு வருவதற்காக அரைநாள் விடுப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். புதிய முதல்வர் அனுமதிக்கவில்லை. ஆட்டோவில் வந்துவிடவும்.