கரடிப் படம் ஓடாத ஞாயிறு

லிஃப்ட் மெக்கானிக் அன்று ஒரு சபதம் எடுத்தார். இந்த வீட்டில் ஒன்று அவர் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் கார்ட்டூன் கரடி இருக்க வேண்டும்.

எட்டு வருஷமாக ஞாயிறு மத்தியானம் தவறாமல் அதே படம். மனைவி சின்ன வயதில் பார்த்துச் சொக்கிப்போனது. மகளுக்கு நாலு வயதானதும் அவளையும் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். கரடிக் குடும்பம் ஆடும், பாடும், அழும். அம்மாவும் மகளும் கூடவே பாடுவார்கள். அவர்களுக்குப் பாட்டு, இவருக்குப் பெரும்பாடு. சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கரடியாய்க் கத்திப் பார்த்தார். டி.வி.யில் இருந்த கரடிக்குத்தான் மரியாதை. காதைப் பொத்திக்கொண்டு பின்னறைக்குப் போய்ப் படுத்துவிடுவார்.

சனிக்கிழமை அந்தப் படத்தின் டிஸ்க்கைத் தூக்கி ஸ்பானர் பையில் ஒளித்தார். ஞாயிறு மத்தியானம் மனைவி தேடினாள்.

"ஏங்க, படத்தைப் பாத்தீங்களா?"

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"கரடி விடாதீங்க."

"கரடியையே காணோம்ங்கற, நான் எங்கேருந்து விடறது?"

மெக்கானிக் ஹால் நடுவே ராஜா மாதிரி உட்கார்ந்தார். மகளின் மார்க், கையெழுத்து, கூன் போட்டு உட்காருவது, மனைவியின் தம்பி, சுவரில் இருந்த கறை என்று எல்லாவற்றுக்கும் சாயங்காலம் வரை தீர்ப்புச் சொன்னார்.

திங்கட்கிழமை, சாப்பாட்டு நேரம். 'அப்படி என்னதான் இருக்கு இதுல?' என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டார். கையால் வரைந்த கோடுகள் மூச்சு விடுவதுபோல நடுங்கின. பாடவே வராத அப்பா கரடி, தொலைந்த குட்டியைத் தேடிப் பனியில் குடும்பப் பாட்டைக் கத்திக்கொண்டே அலைந்தது. குட்டி காதை நிமிர்த்தியது. "சுருதியே சேரலை! எங்கப்பாதான்!"

மெக்கானிக் மூக்கைச் சிந்தினார். அந்த இடத்தை இன்னொரு தடவை போட்டார். டப்பாவில் சோறு ஆறிப்போனது.

சாயங்காலம் டிஸ்க்கோடு வீட்டுக்குள் வந்தார்.

"நான்தான் எடுத்தேன். தப்புதான். இந்த ஞாயிறு மூணு பேரும் சேந்து பாப்போம். அப்பா கரடி பாட்டை நானே பாடறேன்!"

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அது எங்களுக்குச் சலிச்சுப்போய் ரெண்டு வருஷம் ஆச்சுங்க."

"அப்புறம் எதுக்கு வாராவாரம் போட்டீங்க?"

மனைவி துணி மடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "அது ஓடினாத்தானே நீங்க எந்திரிச்சு உள்ள போறீங்க."