கை காட்டினால் நிற்கும் வண்டி

எனக்கு ஒரு வியாதி உண்டு. சாலையோரத்தில் தெரிந்த முகம் ஒன்று கை காட்டினால் போதும், என்னைக் கேட்காமலே என் வலது கால் பிரேக்கை மிதித்துவிடும். இதற்கு மருந்து இல்லை. இருந்திருந்தால் ஒரு பிரேக் இன்ஸ்பெக்டரின் கன்னத்தில் முருங்கைக்காய் குத்தியிருக்காது.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், மானம் போன கதைக்கு அப்புறம் வரலாம். தென்காசியில் ஒரு ஜவுளிக்கடை முதலாளிக்குப் பதினோரு வருடம் கார் ஓட்டினேன். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. (கேட்டில் உரசியது கணக்கில் வராது. கேட்தான் குறுக்கே இருந்தது.) முதலாளி கடையை மூடிவிட்டு மகனோடு இருக்க வெளியூர் போனதும் என் வேலையும் போனது. அப்போதுதான் மேலகரத்தில் ஒரு அண்ணாச்சி தன்னுடைய பதினெட்டு சீட் வேனை என்னிடம் விடச் சம்மதித்தார். குற்றாலம் சீசனில் ரயிலடிக்கு வருகிறவர்களை அருவிக்கு ஏற்றிப்போகிற வேன்.

"தாராளமா ஓட்டுங்க தம்பி. ஆனா ஒங்க லைசென்ஸ்ல ஆள் ஏத்துத வண்டின்னு ஏறணும். சாரல் விழுததுக்குள்ள கொண்டாந்தா சாவி ஒங்களுக்கு. இல்லன்னா செங்கோட்டைக்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றார்.

வைகாசி பாதி ஓடியிருந்தது. நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். என் மனைவி செண்பகமும் சேர்ந்தாள். கார் லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடமாகச் சும்மா வைத்திருந்தவள், "நானும் எழுதிப் போடுதேன், ஒரு ஆளுக்கு இல்லன்னாலும் ஒரு ஆளுக்குக் கிடைக்கும்" என்றாள். அந்த ஒரு ஆள் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. துணைக்கு வருகிறாள், வரட்டும் என்று பெருந்தன்மையாக இருந்துவிட்டேன்.

தினமும் காலையில் வண்டியில் ஏறுவதற்கு முன் அவள் அதை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். டயரைப் பார்ப்பாள். குனிந்து அடியில் பார்ப்பாள். "பொண்ணு பாக்க வந்தியா, வண்டி ஓட்ட வந்தியா?" என்று கேலி செய்வேன்.

"சக்கரத்துக்குக் கீழ நாய் படுத்துக் கிடந்தா என்ன செய்விய?" என்பாள்.

பதினோரு வருடத்தில் நான் ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

டெஸ்ட் நாளில் ஒன்பது பேர் போயிருந்தோம். எல்லோரையும் டிரைவிங் ஸ்கூல் வேனில் உட்காரவைத்து, ஒவ்வொருவராகக் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். இன்ஸ்பெக்டர் முன்சீட்டில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். "அடுத்து" என்பதைத் தவிர வேறு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. பாவூர்சத்திரம் சாலையில் மூன்றாவது ஆளாக நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். கியர் வெண்ணெய்போல் விழுந்தது. பின்சீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று கொஞ்சம் ஸ்டைலாகவே ஓட்டினேன்.

புளியமரத்தடியில் ஒருவர் நின்று கை காட்டினார். முப்புடாதி மச்சான். செண்பகத்தின் அண்ணன். தோளில் ஒரு கட்டு முருங்கைக்காய்.

அவர் மேல் தப்பில்லை. ஆட்களோடு ஒரு வேன் வருகிறது, ஓட்டுவது தங்கை வீட்டுக்காரர். கை காட்டாமல் என்ன செய்வார்? என் நிலைமையையும் பாருங்கள். வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். இவரோ, பஸ் ஸ்டாண்டில் பார்த்தும் பார்க்காததுபோல் போனார் என்பதற்காகச் சொந்தச் சித்தப்பா மகன் வீட்டு வாசலை இரண்டு வருடம் மிதிக்காதவர். இவ்வளவையும் நான் யோசித்து முடிப்பதற்குள் வேன் நின்றிருந்தது. (இண்டிகேட்டர் போட்டுத்தான் நிறுத்தினேன். அதை யாரும் சொல்வதில்லை.)

மச்சான் பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஏறினார். "ஏ மாப்ளே, வேன் வந்துட்டா? ஒரு வார்த்த சொல்லல பாத்தியளா" என்றபடி முருங்கைக்கட்டை முன்னால் இன்ஜின் மூடிமேல் தள்ளினார். அதன் நுனி நேராக இன்ஸ்பெக்டரின் கன்னத்தில் போய்க் குத்தியது.

"சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க. மார்க்கெட்ல இறங்கிருவேன்."

இன்ஸ்பெக்டர் முருங்கைக்காயை விரலால் விலக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "யாரு இவரு?"

"எங்க மச்சான், சார்."

"லைசென்ஸ் வாங்குததுக்கு முன்னாலயே டிரிப் அடிக்க ஆரம்பிச்சிட்டியளோ?"

"இல்ல சார். போற வழிதான..."

அவர் அட்டையில் ஏதோ எழுதினார். ரொம்பச் சின்னதாக எழுதினார். ஒரே வார்த்தை என்று தெரிந்தது. "நீங்க பின்னால போங்க. அடுத்து" என்றார்.

அடுத்தது செண்பகம். வண்டியும் சாவியும் சீசனும் என் கையை விட்டுப் போயிருந்தன. இனி அவள் ஒருத்திதான். அவள் சீட்டை நகர்த்திக்கொண்டாள், கண்ணாடியைத் திருப்பினாள். அதற்குள் இன்ஸ்பெக்டர் மச்சானை இறங்கச் சொல்லியிருந்தார். மச்சான் ஒரு காலைத் தரையில் வைத்தார். இன்னொரு கால் படியிலேயே இருந்தது.

"ஏட்டி, நீயா ஓட்டப் போற? எடு எடு, மார்க்கெட்டு முடிஞ்சிரும்."

செண்பகம் இன்ஜினை அணைத்தாள். "அண்ணே, படியை விட்டு இறங்குங்க."

"நாந்தாம்ட்டி."

"தெரியுது. படியில ஆள் நின்னா எடுக்க மாட்டேன்."

பின்சீட்டிலிருந்து நான் மெல்ல, "வெள்ளிக்கிழமை..." என்றேன். கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அண்ணங்கிட்ட முருங்கைக்காயைக் குடுத்துட்டுக் கதவைச் சாத்துங்க" என்றாள். முருங்கைக்கட்டை எடுத்துக் கொடுத்தேன். தாய்மாமன் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தியது இந்தக் கைதான்.

அதற்குப் பிறகு அவள் ஓட்டியதை எப்படிச் சொல்வது? கட்டிலிருந்து முறிந்த ஒரு முருங்கைத் துண்டு இன்ஜின் மூடிமேல் கிடந்தது. எதிரே ஆட்டுமந்தை வந்தது, ஒரு டவுன் பஸ் உரசுகிற மாதிரி ஒதுங்கியது, இரண்டு வேகத்தடை வந்தது. அந்தத் துண்டு உருளவே இல்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்ற வருத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை. இவள் என் பெண்டாட்டி என்று பக்கத்துச் சீட்டுக்காரரிடம் இரண்டு தரம் சொன்னேன்.

வண்டி நின்றதும் இன்ஸ்பெக்டர், "ஆள் ஏத்துத வண்டிய இப்படித்தாம்மா ஓட்டணும்" என்றார். அன்றைக்கு அவர் வேறு யாருக்கும் அப்படிச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மச்சான் வருவாரா என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். முதல் ஆளாக வந்தார். மகளை மடியில் வைத்துக்கொண்டு கூடியிருந்தவர்களிடம் நியாயம் கேட்டார். "கை காட்டுனதும் மாப்ள ஏத்திக்கிட்டாரு. எந்தங்கச்சி என்னையே இறக்கி விட்டுட்டா. ஒங்க புள்ளைகள யாரு வண்டியில அனுப்புவிய?"

ஒருவர்கூட என்னைக் காட்டவில்லை. நானே செண்பகத்தைத்தான் காட்டினேன்.

அடுத்த வாரம் சாரல் விழுந்தது. அண்ணாச்சி சாவியை அவள் கையில் கொடுத்தார். அந்த சீசன் முழுக்க அவள் ஓட்ட, நான் ரயிலடி வாசலில் நின்று "ஐந்தருவி, ஐந்தருவி" என்று கூவினேன். புரட்டாசியில், அருவி வற்றிய பிறகு, எனக்கும் லைசென்ஸ் கிடைத்தது. அதே இன்ஸ்பெக்டர்தான். ஏறி உட்கார்ந்ததும், "மச்சான் வரலியா?" என்று கேட்டார்.

போன மாதம் குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்கு அதே சாலையில் போனோம். நான் ஓட்டினேன். அதே புளியமரத்தடியில் மச்சான் நின்று கை காட்டினார். நிறுத்தினேன்.

"நீங்க போங்க மாப்ளே, நான் பைக்ல வாரேன்" என்றார். "நிக்கியளான்னு பாத்தேன்."

பின்சீட்டிலிருந்து மகள் சொன்னாள்: "கதவைச் சாத்தியாச்சுப்பா, எடுங்க."