மூணெழுத்து அண்ணன் போட்ட புதிர்

எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறி, மூணெழுத்து அண்ணனிடம் மாட்டாமல் இறங்கிய மனிதர் உலகத்திலேயே கிடையாது. மூக்கண்டப்பள்ளி நிறுத்தத்தில் ஏறுவார். பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் வணக்கம்கூடச் சொல்லாமல், "மூணெழுத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க, நடுவுல 'ரு' வரணும்" என்பார். தெலுங்குக்காரரான டிரைவர் ஒருநாள் "செருவு" என்றார். அண்ணன் ஆசையாக எழுதிக்கொண்டார். அது தெலுங்கில் ஏரி என்று தெரிந்ததும் கம்பெனி வரும்வரை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டே வந்தார்.

கார் பாகங்கள் செய்யும் ஃபேக்டரி எங்களுடையது. இன்ஸ்பெக்‌ஷனில் எனக்கு அடுத்த மேஜை அவருடையது. ஒரு நாளிதழின் சனிக்கிழமை இணைப்புக்கு வாராவாரம் குறுக்கெழுத்துப் புதிர் போடுவது அவர்தான். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது துணைக்கு வந்தவர், பெண்ணின் அப்பாவிடம் நாலெழுத்தில் ஒரு ஆறு கேட்டார். அவர் யோசித்து "தாமிரபரணி" என்றார்.

"அது ஆறெழுத்துங்க."

"ஆறுதானே கேட்டீங்க?"

அதற்குப் பிறகும் எனக்குக் கல்யாணம் நடந்தது.

ஆனால் ஒரு சனிக்கிழமை, அவர் போட்ட புதிர் எங்கள் எல்லோரையும் நடுங்க வைத்துவிட்டது.

அப்போது ஃபேக்டரியே ஒரு மாதிரி இறுக்கத்தில் இருந்தது. சூப்பர்வைசரிடம் வாக்குவாதம் செய்ததாகச் சொல்லி மெஷின் ஷாப் பையன்கள் இரண்டு பேரை சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். கேன்டீனில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அன்று காலை எச்.ஆர். மேனேஜர் அண்ணனையும் என்னையும் கூப்பிட்டனுப்பினார். மேனேஜர் பெங்களூர்க்காரர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. மேஜையில் புதிர்ப் பக்கம் விரித்திருந்தது. பக்கத்தில், அதைக் கொண்டுவந்து காட்டிய செக்யூரிட்டி ஆபீசர் நின்றிருந்தார்.

"இதை நீ வாராவாரம் நிரப்புறியாமே. இங்கயே நிரப்பு. சத்தமாப் படிச்சுக்கிட்டே நிரப்பு" என்றார் என்னிடம்.

'உழைப்பவர் கைகட்டி நடத்தும் போராட்டம், ஏழெழுத்து.' பேனாவை மெதுவாக எடுத்து எழுதினேன். வேலைநிறுத்தம். அதன் குறுக்கே 'முதலாளி பூட்டும் பூட்டு, ஆறெழுத்து.' கதவடைப்பு. 'வாசலுக்கு இன்னொரு பெயர்.' வாயில். ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க மேனேஜர் முகம் மாறிக்கொண்டே வந்தது. அடுத்தது, 'வானத்தில் உலவும், வாரத்திலும் வரும். நாலெழுத்து.'

விடை எனக்குத் தெரியும். எழுதினால் அண்ணன் தொலைந்தார். அதனால் 'செவ்வாய்' என்று எழுதினேன். அதற்கும் நாலெழுத்துதான், அதுவும் வானத்தில் இருக்கிறது. மேனேஜர் கொஞ்சம் மூச்சு விட்டார்.

"அது தப்புங்க" என்றார் அண்ணன்.

மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டு, "கடைசி எழுத்து 'ள்' வரணும். இல்லாட்டி மேலிருந்து கீழ வர்ற 'கேள்வி' இடிக்கும். திங்கள்" என்றார்.

"திங்கள்" என்றார் மேனேஜர். "ஏனு இது, என்ன இது? திங்கட்கிழமை, கேட்டு, ஸ்டிரைக்கு. யாருக்குத் தகவல் சொல்ற நீ?"

"தகவல் இல்லீங்க சார். ஏழெழுத்துல மூணாவது 'நி' வேணும்னு பஸ்ல கேட்டேன். பின்சீட்ல இதத்தான் சொன்னாங்க."

"பின்சீட்ல யாரு?"

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடி நான் பார்த்தது அன்றுதான். மேனேஜர் மூன்று முறை கேட்டார்.

"திங்கட்கிழமை கேட்டுல ஒரு ஆள் நின்னாலும் உனக்கு இங்க வேலை இல்ல."

பர்கூரில் அண்ணனின் மகள் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். மேஜைக்குத் திரும்பியதும் அண்ணன் ஒரே பாகத்தையே திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை நான் சீக்கிரமே போய்விட்டேன். ஒரு ஆள் அல்ல, முதல் ஷிஃப்டே எதிர் டீக்கடைப் பக்கம் நின்றிருந்தது. முதல் ஆள் உள்ளே போகட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள். யூனியன் செயலாளர் வியர்த்துப்போய் என்னிடம் ஓடி வந்தார். "நான் யாரையும் கூப்பிடலப்பா. பேப்பர்ல வந்துருக்குன்னு சொல்றாங்க." கேட்டுக்கு அந்தப் பக்கம் மேனேஜர், செக்யூரிட்டி ஆட்கள். சஸ்பெண்ட் ஆன இரண்டு பையன்களும் ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். யாராவது ஒரு கல்லை எடுத்தால் போதும் என்கிற நிலைமை.

அப்போது பஸ்ஸிலிருந்து அண்ணன் இறங்கினார். சாப்பாட்டுப் பையோடு கூட்டத்தைப் பார்த்தார். நேராக உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன், போனால் அவர் வேலையாவது தப்பலாம். அவரோ அந்தப் பையன்களையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கேட்டுக் கம்பியருகே போனார்.

"சார், நான் யாரையும் வரச் சொல்லல. புதிர்ல ஒண்ணுமில்ல. ஆனா இத்தனை பேர் நிக்கிறாங்கன்னா மனசுல ஏதோ இருக்குங்க. என்னை அனுப்புறதுன்னா அனுப்பிருங்க. அந்தப் பசங்ககிட்ட மட்டும் ஒரு வார்த்தை பேசிருங்க."

மேனேஜர் கேட்டைத் திறக்கச் சொன்னார். பிறகு செயலாளரையும் இரண்டு பையன்களையும் உள்ளே கூப்பிட்டார். நாங்கள் டீ மேல் டீயாகக் குடித்துக்கொண்டு நின்றோம். பையன்கள் திரும்பி வந்தபோது கழுத்தில் பழையபடி அடையாள அட்டை தொங்கியது. ஷிஃப்ட் மொத்தமும் சத்தமில்லாமல் உள்ளே போனது.

அண்ணன் வேலை போகவில்லை. அடுத்த வாரம் யாருக்கும் வம்பில்லாமல் இருக்கட்டும் என்று புதிர் முழுவதும் கிருஷ்ணகிரி மாம்பழங்களாகப் போட்டார். மேனேஜர் அதையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "செந்தூரான்னா சிவப்பா?" என்று மட்டும் சந்தேகமாகக் கேட்டார்.

அண்ணன் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். புதிர் மட்டும் சனிக்கிழமை தவறாமல் வருகிறது. எல்லாக் கட்டங்களுக்கும் எனக்கு விடை தெரிகிற வாரத்திலும், ஒன்றை மட்டும் காலியாக விட்டுவைக்கிறேன். அவருக்குப் போன் போட ஒரு காரணம் வேண்டுமே.