கொண்டலாத்திக்கு ஒரு சிங்கப்பூர்த் தீர்ப்பு

ஸ்ரீரங்கம்,
நவராத்திரி இரண்டாம் நாள்.

சிங்கப்பூர் ஸ்ரீமான் கோபு சித்தப்பா திருவடிகளுக்கு, ப்ரியம்வதா தண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொள்வது. பெருமாள் கிருபையில் தாங்களும் சித்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள். நாங்களும் சௌக்கியம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் இப்போதெல்லாம் எதை எழுதினாலும் சான்றிட்ட நகல் கேட்கிறார்கள் என்பதால் அந்த வரியை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

விஷயம் என் பறவைகள்தான். கொள்ளிடக் கரையிலும் திருவெள்ளறை வயல்களிலும் கல்லூரி நாளிலிருந்து வெயிலில் உட்கார்ந்து வரைந்த கொண்டலாத்தி, மீன்கொத்தி, ஆள்காட்டி எல்லாம். உங்கள் கல்லூரித் தோழர் அருள்நாதன் ஸார் தன் பாலக்கரை அச்சகத்தில் காலண்டர் போடக் கேட்கிறார் என்று சொல்லி, ஒப்பந்தத்தையும் நீங்களே உங்கள் ஆபீஸ் மாதிரியிலிருந்து எடுத்து அனுப்பினீர்கள். அச்சானதும் அசல் படங்களைத் திருப்பித் தர வேண்டும், தகராறு வந்தால் சிங்கப்பூரில் நடுவர் தீர்ப்பு. "நாங்க ரெண்டு பேரும் ஒரே டவுன் பஸ்ல போறவா, சிங்கப்பூர் எதுக்கு சித்தப்பா?" என்று கேட்டேன். "அதைப் போட்டாத்தான் ஒரு கௌரவம். நம்மூர் கோர்ட்டுன்னா தெருவுக்கே தெரியும், இது பரம ரகசியமா முடிஞ்சுடும்" என்றீர்கள். ரகசியம் என்றதும் மயங்கிக் கையெழுத்துப் போட்டேன். தைலத்திலிருந்து மாப்பிள்ளை வரைக்கும், சிங்கப்பூர் என்று சொன்னபின் திருச்சியில் யார் மறுபேச்சுப் பேசியிருக்கிறார்கள்?

காலண்டர் வந்தது. படங்கள் வரவில்லை. நேரில் போய்க் கேட்டால் காபி வந்தது, கேக் வந்தது, "பத்திரமா இருக்கும்மா, உங்க குடும்பத்துக்குள்ளயே இருக்குன்னு நெனச்சுக்குங்க" என்ற ஆறுதலும் வந்தது. வேறு வழியில்லாமல் நடுவரிடம் போனேன். அந்த அம்மாள் கம்ப்யூட்டர் திரையிலேயே எங்கள் இருவரையும் விசாரித்து, படங்களைத் திருப்பிக் கொடு என்று தெளிவாக எழுதிவிட்டார். அன்று அம்மா அக்காரவடிசில் பண்ணினாள். அவசரப்பட்டுவிட்டோம்.

ஏனென்றால் அது வெளிநாட்டுத் தீர்ப்பாம். இங்குள்ள கோர்ட் அதைத் தடவிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, நல்லதுதான் என்று சொன்னால்தான் இங்கே செல்லுமாம். என் வக்கீல் பிலோமின்ராஜ் திருச்சி கோர்ட்டில் மனுப் போட்டார். இதற்கெல்லாம் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போங்கள் என்று திருப்பிவிட்டார்கள். ஆக, காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற நான் அந்தப் பக்கம் இருக்கிற என் மீன்கொத்தியைக் கொண்டுவர, சிங்கப்பூர் வழியாக மதுரைக்குப் போக வேண்டும். மதுரையில் ஈமெயில் தீர்ப்பு போதாது, சான்றிட்ட நகல் கொண்டு வா என்றார்கள். அதுவும் சிங்கப்பூரிலிருந்து கூரியரில் வந்தது. உறையில் இரண்டு பேர் பெயரும் இருந்ததால் கூரியர்க்காரர் பாலக்கரையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அருள்நாதன் ஸார் அதை ஸ்கூட்டரில் எடுத்துவந்து, "உங்க தீர்ப்பு வந்திருக்கும்மா" என்று வாசலில் நீட்டினார். தனக்கு எதிரான தீர்ப்பை மடங்காமல் கொண்டுவந்து தருகிற மனுஷர், ஒரு கொண்டலாத்தியைக் கொண்டுவர மாட்டேன் என்கிறார். எந்த வகை நல்லவர் இவர்?

விசாரணையில் அவர் தரப்பு வக்கீல் எழுந்து, இந்தத் தீர்ப்பை நிறைவேற்றுவது இந்திய தேசத்தின் பொதுக்கொள்கைக்கே விரோதம் என்றார். என் ஆள்காட்டி ஒன்றரை ஜாண். அது வீடு திரும்பினால் தேசம் ஆடிப்போகும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ரெண்டு பேரும் எந்த ஊரு?" என்றார். "திருச்சி, மை லார்ட்." "நடுவுல?" "ஒரு பாலம், மை லார்ட்." "அப்புறம் எதுக்குய்யா சிங்கப்பூர் போனீங்க?" பிலோமின்ராஜ் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். தள்ளிவைத்துவிட்டார்கள்.

உங்கள் பரம ரகசியத்தின் கதையையும் கேளுங்கள். நான் அடிக்கடி மதுரை பஸ் ஏறுவதையும், சிங்கப்பூர் கேஸ் என்று அம்மா போனில் சொன்னதையும் சேர்த்துவைத்து, எனக்குச் சிங்கப்பூரில் ரகசியமாக ஒரு கல்யாணமும் பகிரங்கமாக ஒரு விவாகரத்தும் தெரு நடத்தி முடித்துவிட்டது. எதிர்வீட்டு மாமி அம்மாவிடம், "நன்னா விசாரிக்காம கொடுத்துட்டேளே அரவிந்தவல்லி" என்று அழுதாளாம். கொடுத்தது படத்தை மாமி என்று விளக்கியதில், வரதட்சணையாகப் படம் கொடுத்தோம் என்று ஆகிவிட்டது.

தாங்கள் அவருடைய தோழர். போன தடவை வந்தபோது ஏர்போர்ட்டில் கொண்டுவிட்டதுகூட அவர்தான். ஒரு வார்த்தை பேசிப்பாருங்கள் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். "விட்டுடும்மா, புதுசா வரைஞ்சுக்கோ" என்கிறீர்கள், உடனே சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். அந்தக் கொண்டலாத்தி உட்கார்ந்திருந்த மரத்தைக்கூட வெட்டியாகிவிட்டது சித்தப்பா. புதுசாக எங்கே போய் வரைவேன்? அருள்நாதன் ஸார் மனசு கல், அவ்வளவுதான்.

சித்திக்கு என் நமஸ்காரம். தாங்கள் எனக்கு அனுப்பும் ஆசீர்வாதம் வெளிநாட்டு ஆசீர்வாதமானாலும், மதுரை போகாமலே இங்கே பலிக்கும் என்று நம்பும்,

ப்ரியம்வதா.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தி உங்கள் வீட்டுக் கொலுவைப் போட்டிருக்கிறாள். படிகள் ரொம்ப அழகு. மேல்படிக்குப் பின்னால் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், என் கொண்டலாத்தி. பக்கத்தில் மீன்கொத்தி. ஆள்காட்டியைப் பாதி மறைத்துக்கொண்டு தாங்கள். அருள்நாதன் ஸாருக்குப் போன் செய்தேன். "ஏர்போர்ட்ல வச்சு, 'நம்ம வீட்டுப் பொண்ணு படந்தானே, நான் சொல்லிக்கிறேன், நீ வாயத் தொறக்காத'ன்னு சத்தியம் வாங்கிட்டு, படத்தையும் எடுத்துட்டுப் போயிட்டான்மா கோபு. எத்தனை கோர்ட்டுலதான் நான் தாங்குறது?" என்றார், பாவம். அவரைப் பற்றி மேலே எழுதியது எல்லாவற்றையும் அப்படியே தங்கள் மேல் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

என்னிடம் இருக்கிற தீர்ப்பு அவர் மேல்தான் செல்லுமாம். தங்கள் மேல் புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்கிறார் பிலோமின்ராஜ். அதற்கு ஓர் ஒப்பந்தம் வேண்டும். தங்களிடம்தான் மாதிரி இருக்கிறதே, இன்னொன்று அனுப்புங்கள். நடக்குமிடம் என்ற கோட்டில் ஸ்ரீரங்கம் என்று எழுதிக்கொள்கிறேன். நடுவர் என்ற கோட்டில் அம்மா ஏற்கெனவே கையெழுத்துப் போடத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் மன்னியின் தீர்ப்பு சிங்கப்பூரில் செல்லுமா என்று அதே குழுவில் நான் கேட்டதற்கு, சித்தி உடனே பதில் போட்டுவிட்டாள்: "இன்னிக்கே ஆணியைப் பிடுங்கறேன்."